எல்வுட் கெம்பின் பிடரி

"இது மாலையாடி? சாக்கடைக் குழாய்ல அடைச்சுக்கிட்டிருந்த முடியப் பிடுங்கி மேஜையில போட்ட மாதிரில்ல இருக்கு!"

"முடி மாதிரி இருக்கணும்னுதான் தேடித் தேடி வெட்டிக்கிட்டு வந்தேன், வெர்னா. ஹாலோவீனுக்கு மல்லாந்து படுத்த சிலந்தி வைப்பாங்களா, இல்ல கல்யாண ரோஜா வைப்பாங்களா?"

"சிலந்தின்னா எட்டுக் கால் இருக்கணும். இதுக்கு எங்க கால், எங்க தலை?"

"நீ செஞ்ச ஆப்பிள் கிழவிக்கு எங்க காது? நான் கேட்டேனா?"

வெர்னா ஸ்டோல்ட்ஸும் ரோவீனா க்ரூபரும் போட்ட இந்தச் சத்தம் தீயணைப்பு நிலையத்தின் தகரக் கூரையில் முட்டித் திரும்பி வந்தது. வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு, அவை நின்ற இடத்தில் நீள மேஜைகளைப் போட்டிருந்தோம். நான் ஒரு மூலையில் உட்கார்ந்து முட்டை அட்டைகளை வௌவால்களாக வெட்டிக்கொண்டிருந்தேன். அந்த வேலைக்குக் கையும் கண்ணும் போதும். காதுக்கு வேலை இல்லை. அதனால் காது தன் வேலையைப் பார்த்தது.

எங்கள் டன்ஸ்வேலில் தீயணைக்கிறவர்கள் எல்லோரும் சம்பளம் வாங்காத ஊர்க்காரர்கள். வருடாவருடம் ஹாலோவீனுக்கு அவர்கள் ஒரு விருந்து போடுவார்கள். மேஜை அலங்காரம் பெண்கள் குழுவின் பொறுப்பு. பெண்கள் குழு என்றால் வெர்னா. அவள் கணவர் போன பிறகு அவளுக்கு இருந்ததெல்லாம் அந்தக் குழுவும், அதன் சாவிக்கொத்தும், முதல் மேஜையை எப்படி வைப்பது என்பதில் கடைசி வார்த்தையும்தான். முன்பெல்லாம் கடையில் பிளாஸ்டிக் எலும்புக்கூடும் ஆரஞ்சுக் காகிதமும் வாங்கித் தொங்கவிட்டு முடித்துவிடுவோம். அந்த வருடம் ஊராட்சி வீட்டுக்கு வீடு ஒரு நீலப் பெட்டியைக் கொடுத்து, பழைய தாளையும் தகரத்தையும் பாட்டிலையும் அதில் போடச் சொல்லியிருந்தது. பாதிரியாரின் மனைவி அதைப் பற்றி ஒரு பேச்சுப் பேசினாள். பேச்சின் முடிவில், இந்த முறை எதையும் வாங்குவதில்லை, காட்டில் கிடைப்பதையும் வீட்டில் எறிவதையும் வைத்தே எல்லாம் செய்வது என்று தீர்மானமாயிற்று. எதிர்த்தவள் வெர்னா ஒருத்திதான். மறுவாரமே அது தன்னுடைய யோசனை என்று சொல்லத் தொடங்கினாள்.

ஆனால் கைவேலையில் அவளைக் குறை சொல்ல முடியாது. ஆப்பிளைத் தோல் சீவி, மூக்கும் கண்குழியும் செதுக்கி, உப்பும் எலுமிச்சையும் கலந்த நீரில் ஊறவைத்து, அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிடுவாள். அது காய்ந்து சுருங்கிச் சூனியக்காரி முகமாகும். தலைக்குப் பழைய துடைப்பத் துணியின் நூல், உடம்புக்கு ஊறுகாய்ப் பாட்டில். சுருங்கும்போது ஒவ்வொரு முகமும் ஊரில் யாரோ ஒருவர் சாயலுக்குப் போய்விடும். பாதிரியார் மாதிரி ஒன்று ஆகிவிட்டது. அவர் மனைவி அதையே பார்த்துக்கொண்டு நின்றதால், அதை எடுத்துப் பின்வரிசையில் வைத்தாள். இது தவிர, மேப்பிள், ஓக், சுமாக் என்று சிவந்த இலைகளாகப் பொறுக்கிவந்து எல்லா மேஜைகளிலும் பரப்பியிருந்தாள்.

ரோவீனா வேறு தினுசு. காபி டப்பாக்களில் தண்ணீர் ஊற்றி உறையவைத்து, பனிக்கட்டி உள்ளே முட்டுக்கொடுக்க, ஆணியால் வௌவால் வடிவத்தில் துளை போடுவாள். டப்பா நசுங்காது. உள்ளே மெழுகுவர்த்தியை வைத்தால் துளைகளின் வெளிச்சத்தில் வௌவால் தெரியும். மாட்டுத் தீவனச் சாக்கைப் பிரித்து மேஜை நடுவில் நீள விரிப்பாக ஓடவிட்டிருந்தாள். அதன் மேல்தான் வெர்னா மாலையாடி என்று கேட்ட அந்தக் கொடி வளையங்கள். விரல் தடிமனில் பழுப்புக் கொடி. ஒரு இலை கிடையாது. நீளம் முழுக்கச் செம்பட்டை முடி அடர்த்தியாக முளைத்திருந்தது. கைவிடப்பட்ட ரயில் பாதையோரம் பட்டுப்போன மரங்களில் ஏறிக் கிடந்ததாம். அதை வெறுங்கையால் வளைத்து, முறுக்கி, நடுவில் டப்பா விளக்கை வைத்திருந்தாள். சும்மா சொல்லக்கூடாது, விளக்கை ஏற்றியதும் முடிக்கால்கள் பின்னிக்கொண்டு ஏதோ ஒன்று பதுங்கியிருப்பது போலத்தான் இருந்தது.

வெர்னாவுக்கும் அது தெரிந்தது. "கொஞ்சம் தொளதொளன்னு கட்டியிருக்கே" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு வளையத்தையும் அவிழ்த்து, மடியில் போட்டு, இறுக்கிக் கட்டினாள். அவள் ஒப்புக்கொள்கிற விதம் அது.

ரோவீனா எனக்கு எதிர்வீடு. நாற்பதைத் தாண்டியவள். தாயார் போனதிலிருந்து அண்ணன் ஹார்லனுக்குச் சமைத்துப்போட்டுக்கொண்டு அந்த வீட்டில் இருந்தாள். ஹார்லன்தான் தீயணைப்புத் தலைவர், ஊருக்கு 'சீஃப்'. வீடு அவர் பேரில். முன்பு அவளைக் கேட்டு வந்த இரண்டொருவரை அவர் வாசற்படியிலேயே நிறுத்திப் பேசி அனுப்பியதை நான் என் ஜன்னலிலிருந்து கேட்டிருக்கிறேன். "போறதுன்னா போ. போனா இந்தக் கதவு திரும்பத் திறக்காது" என்று தங்கையிடம் சொன்னதையும் கேட்டிருக்கிறேன். அவர் குரல் அப்படி. ஜன்னல் மூடியிருந்தாலும் கேட்கும்.

அந்த இலையுதிர் காலத்தில் ரோவீனா பிற்பகல்தோறும் பைன் காய் பொறுக்கப் போனாள். அலங்காரத்துக்காம். அத்தனை நேரம் போய்விட்டு ஒரு கைப்பிடிக் காயோடு திரும்புவாள். பைன் காய் பொறுக்கப் போகிறவள் தோடு மாற்றிக்கொண்டு போவாளா? யாரோ இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. யார் என்பதுதான் தெரியவில்லை. தெரிய வந்தால் அவளுக்கு அன்றைக்கே படுக்க இடம் இருக்காது என்பதும் தெரியும்.

விருந்து நன்றாகவே நடந்தது. பன்றித் தொடை, முட்டைக்கோஸ் போட்ட நூடுல்ஸ், பூசணி வைத்துச் சுட்ட இனிப்புப் பை. பேய் வேஷம் போட்ட பிள்ளைகள் ஆப்பிள் கிழவிகளுக்குப் பேர் வைத்துச் சிரித்தார்கள். ஹார்லன் எழுந்து, "இந்த மேஜைங்களப் பாருங்க. எல்லாம் நம்ம வெர்னாவோட கைவண்ணம்!" என்று கைதட்டினார். வெர்னா தலைகுனிந்து ஏற்றுக்கொண்டாள். ரோவீனா இருந்த பக்கம் மட்டும் அவள் பார்வை போகவில்லை. ரோவீனாவும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அவள் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஒன்றுமில்லை. அதற்கடுத்த நாள் ஊரே சொறிந்தது.

முதலில் விரலிடுக்கு, பிறகு மணிக்கட்டு, பிறகு வரிவரியாகக் கொப்புளம். பாய்சன் ஐவி என்னும் நச்சுக்கொடி. இங்கே பிறந்த குழந்தைக்குக்கூட அதன் மும்மூன்று இலைக் கொத்தைக் காட்டித் தொடாதே என்று சொல்லித்தான் வெளியே விடுகிறோம். மேஜை போட்டவர்கள், எடுத்தவர்கள், ஞாபகத்துக்கு ஆளுக்கொரு வளையம் வீட்டுக்குக் கொண்டுபோனவர்கள், அவற்றை வண்டியில் ஏற்றிக் கொடுத்த தீயணைப்பு ஆண்கள், எல்லோருக்கும் வந்தது. வெர்னாவுக்கு முழங்கை வரை. முகத்தைத் துடைத்திருக்கிறாள் போல, ஒரு கண் வீங்கி மூடிக்கொண்டது. பார்க்க அவளே செய்த ஆப்பிள் கிழவி மாதிரி இருந்தாள். இதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. மற்ற எல்லோரிடமும் சொன்னோம்.

மருந்துக் கடையில் இளஞ்சிவப்புக் களிம்பு தீர்ந்துபோனது. கல்லாவில் நிற்கும் ஜோலீன் என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

"கடைசிப் பாட்டில யார் வாங்கிட்டுப் போனாங்க தெரியுமா? எல்வுட் கெம்ப்."

"அவருக்கு எதுக்கு?"

"நானும் அதத்தான் கேட்டேன். சட்டைக் காலர காது வரைக்கும் தூக்கி விட்டுக்கிட்டு நிக்கிறாரு. திரும்புங்கன்னேன். மனுஷன் திரும்பவே மாட்டேங்கிறாரு. மருந்து வேணுமா வேண்டாமான்னதும் திரும்பினாரு. பிடரியில கொப்புளத்துலயே இந்தப் பக்கம் அஞ்சு விரல், அந்தப் பக்கம் அஞ்சு விரல். இறுகிப்போன ஜாம் பாட்டிலத் திறக்கப் பிடிப்போம்ல, அப்படி!"

"அவர் என்ன சொன்னாரு?"

"ரம்பத்துக்குப் போடற எண்ணெய் ஒத்துக்கலையாம்."

எல்வுட் கெம்ப் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ரம்பம் தீட்டிப் பிழைக்கிற ஒண்டிக்கட்டை. ஒருகாலத்தில் தீயணைப்புக் குழுவில் இருந்தவர்தான். ஒரு ஊர்வலத்தின்போது ஹார்லன் புதுத் தண்ணீர் வண்டியை ஓடைக்குள் இறக்கிவிட்டார். பிரேக் பிடிக்கவில்லை என்று எல்லோரும் மரியாதையாகச் சொல்லிக்கொண்டோம். எல்வுட் மட்டும் சிற்றுண்டிக் கடையில் உட்கார்ந்து, "பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு. சீஃப் ரெண்டு கையையும் தூக்கி ஜனங்களுக்கு ஆட்டிக்கிட்டிருந்தாரு" என்றார். அன்றிலிருந்து அவர் குழுவிலும் இல்லை, நிலையத்துப் பக்கம் தலை காட்டியதும் இல்லை. ஹார்லன் அவர் பேரைச் சொல்வதில்லை. "அந்த ஆளோட பேசறவங்க என் மேஜையில உட்கார வேண்டாம்" என்று சொல்லி, சொந்தச் சித்தப்பா மகனையே ஒரு நன்றி நாள் விருந்திலிருந்து எழுப்பி அனுப்பினார். அந்த மேஜையில் தட்டு வைக்கிறவள் ரோவீனா.

விருந்துக்கே வராத மனிதரின் பிடரியில் பத்து விரல். ஊர் வேலையை விட்டுவிட்டு விரலுக்குச் சொந்தக்காரியைத் தேடியது. தபால்காரி என்றார்கள். நூலகத்துப் பெண் என்றார்கள். மேஜையைத் தொட்டுச் சொறிந்துகொண்டிருந்த ஒவ்வொருத்தியையும் மற்றவர்கள் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். ரோவீனாவை யாரும் நினைக்கவில்லை. ஏனென்றால் அவளுக்கு ஒரு கொப்புளம்கூட இல்லை. கை வெண்ணெய் மாதிரி இருந்தது.

நான் வீட்டுக்கு வந்து, கோட்டைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். சில பேர் உடம்பை அந்தச் செடி ஒன்றும் செய்யாது. அதன் எண்ணெய் மட்டும் கையில் ஒட்டிக்கொண்டு அடுத்தவரிடம் போகும். பைன் காய் கிடைப்பதும், ரம்பக்காரர் வீடு இருப்பதும் ரயில் பாதைக்கு ஒரே பக்கத்தில்தான். இலை உதிர்ந்த பிறகு அந்தக் கொடியில் மிஞ்சுவது முடி மட்டும்தான் என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்களுக்கெல்லாம் இலையைத்தான் காட்டியிருந்தார்கள். கொடியை யாரும் காட்டவில்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்த வாரம் எனக்கு அரித்தது கை இல்லை, நாக்கு.

இதோடு போயிருந்தால் ஊர் சொறிந்து முடித்து மறந்திருக்கும். ஆனால் ஒரு பண்ணையில் வைக்கோல் போர் பற்றிக்கொண்டது. எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்குக் கையுறை நுழையவில்லை. குழாயைப் பிடிக்க ஆளில்லை. ஆற்றுக்கு அப்பாலிருந்து பிக்கெட் ஊர்க்காரர்கள் வந்து அணைத்துவிட்டு, போகும்போது வண்டிச் சங்கைக் கேலியாக ஒரு தரம் ஊதிவிட்டும் போனார்கள். போர் எரிந்ததை ஹார்லன் தாங்கிக்கொண்டார். அந்தச் சங்கைத்தான் தாங்க முடியவில்லை.

நிலையத்தில் கூட்டம் போட்டார்கள். வந்தவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு இடத்தைச் சொறிந்துகொண்டிருந்தார்கள்.

"சிவப்பு இலைய அள்ளிக்கொண்டாந்து மேஜை மேஜையாக் கொட்டினது யாரு?" என்றார் ஹார்லன்.

"ஒவ்வொரு இலையையும் பாத்துத்தான் எடுத்தேன், ஹார்லன்" என்றாள் வெர்னா. "அதுல மும்மூணா இருந்தது ஒண்ணுகூட இல்ல. எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சிருந்தா பிக்கெட்காரன் நம்ம ஊருக்குள்ள வந்து சங்கு ஊதுவானா?"

"கொடியா இருக்கலாமே, சீஃப்" என்றான் பின்னாலிருந்த ஒருவன், தொடையைச் சொறிந்தபடி.

"முட்டாத்தனமாப் பேசாத. அந்தக் கொடிய வெறுங்கையில வெட்டி, வெறுங்கையில முறுக்கினவ ரோவீனா. அவ கையப் பாரு. கொடியா இருந்தா அவ இப்ப ஆஸ்பத்திரியில கிடப்பா."

எல்லோரும் பார்த்தார்கள். அவள் சுவரோரம் காபிக் குவளைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். வெர்னாவே தலையாட்டினாள். "ஆமா. அவ கை நல்லாத்தானே இருக்கு" என்றாள், தனக்கு எதிராகவே.

ஹார்லன் கையை நீட்டினார். "சாவிக்கொத்தக் குடு, வெர்னா. இனிமே நீ குழுவுல வேண்டாம்."

வெர்னா கைப்பையைத் திறந்தாள். விரல்கள் வீங்கியிருந்ததால் சாவி கைக்கு வரவில்லை. பையைத் துழாவிக்கொண்டே இருந்தாள். நல்ல கண்ணிலிருந்தும் வீங்கிய கண்ணிலிருந்தும் தண்ணீர் வடிந்தது. வழக்கமாக அவள் அழுதால் பார்க்க நாங்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வோம். அன்றைக்கு யாருக்கும் பார்க்கப் பிடிக்கவில்லை.

குவளை வைக்கிற சத்தம் நின்றது.

"இலை இல்ல, ஹார்லன்" என்றாள் ரோவீனா. "என்னோட கொடிதான்."

"உனக்கு ஒண்ணும் வரலியே?"

"எனக்கு வராது போலிருக்கு. சில பேருக்கு வராதாம்."

"வெர்னாவுக்குப் பரிஞ்சு பேசாத. இவ இலையத் தொடாம, உன் கொடியால மட்டும் அரிப்பு வந்தவன் ஒருத்தனக் காட்டு. நான் ஒத்துக்கறேன்."

அவள் அண்ணனைப் பார்த்தாள், வெர்னாவின் பையைப் பார்த்தாள். ஒரு கணம் என்னையும் பார்த்தாள் என்று நினைக்கிறேன். நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எல்வுட் கெம்ப்" என்றாள்.

அந்தப் பேர் அந்தக் கட்டடத்துக்குள் ஒலித்து வருடங்கள் ஆகியிருந்தன. சொறிகிற சத்தம்கூட நின்றுவிட்டது.

"அந்த ஆள் இங்க வரவே இல்லியே. அவன் எப்படி உன் கொடியத் தொட்டான்?"

"அவரு கொடியத் தொடல" என்றாள் ரோவீனா. "நான் அவரத் தொட்டேன்."

ஹார்லனுக்கு உடனே ஏறவில்லை. மற்ற எல்லோருக்கும் ஏறிவிட்டது. ஒருத்தி தன் பத்து விரலையும் விரித்துப் பார்த்து, பிடரியைப் பிடிக்கிற மாதிரி காற்றில் வளைத்துப் பார்த்தாள். ஜோலீன் கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டாள். முதலில் வாய் திறந்தவள் வெர்னாதான்.

"அடிப்பாவி! பைன் காய் பொறுக்கறேன்னியே?"

"பொறுக்கினேன்" என்றாள் ரோவீனா. "கொஞ்சம்."

ஹார்லனின் கழுத்து மெதுவாகச் சிவந்தது. அவருக்குக் கொப்புளம் இல்லாத இடம் அது ஒன்றுதான். "வீட்டுக்கு நட. அங்க பேசிக்கலாம்."

"பேச என்ன இருக்கு? அவரோட பேசறவங்க உன் மேஜையில உட்காரக் கூடாது, அவ்வளவுதானே? ஓவன்ல இறைச்சி இருக்கு. மணி அடிச்சதும் வெளிய எடுத்துடு, இல்லேன்னா காஞ்சுபோயிடும். எடுக்கறப்ப துணி பிடிச்சுக்க. வெறுங்கையால தொட்டுடாத."

"போனா இந்தக் கதவு திரும்பத் திறக்காது, ரோவீனா."

"தெரியும். நீ எத்தனையோ தடவை சொல்லிட்டே. எதிர்வீட்டுக்கும் தெரியும்."

எதிர்வீடு என்றால் நான். எல்லோரும் திரும்பினார்கள். நான் கைப்பையில் எதையோ தேடினேன்.

அவள் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். ஹார்லன் நீட்டிய கை அப்படியே நின்றது. வெர்னா கடைசியில் சாவிக்கொத்தைக் கண்டுபிடித்து வெளியே எடுத்தாள், அந்தக் கையைப் பார்த்தாள், கொத்தை மறுபடி பைக்குள் போட்டு மூடினாள். "சாவி என்கிட்டயே இருக்கட்டும். அவள ஏத்திக்கிட்டுப் போகக் காரும் இருக்கு" என்று யாருக்கோ சொல்வது போலச் சொல்லிவிட்டு அவளும் பின்னால் போனாள். ஒரு கண்ணோடு அவள் கார் ஓட்டியதை எல்லோரும் ஜன்னலில் நின்று பார்த்தோம். குப்பைத் தொட்டி ஒன்றைத் தட்டிவிட்டு, கார் ரயில் பாதையை நோக்கி ஊர்ந்து போனது.

ரோவீனாவின் துணிமணிகளை மறுநாள் காலை வெர்னாவே வந்து எடுத்துப் போனாள். ஹார்லன் கதவைத் திறந்துவிட்டார். உள்ளேயிருந்து கருகிய வாடை வந்தது.

கிறிஸ்துமஸுக்கு முன்பே ரோவீனாவும் எல்வுட்டும் மாவட்ட நீதிமன்றத்தில் கையெழுத்துப் போட்டுத் திருமணம் செய்துகொண்டார்கள். சாட்சி வெர்னா. எல்வுட் பிடரியில் தோல் உரிந்து புதுத்தோல் பளபளத்ததாம், ஜோலீன் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். வசந்தம் வந்ததும் இருவரும் ரம்பம் தீட்டும் இயந்திரத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஒஹையோவுக்குப் போனார்கள். அங்கே அவருடைய அக்கா இருக்கிறாள். ரோவீனாவிடமிருந்து கிறிஸ்துமஸ் அட்டை எனக்கு வருவதில்லை. வெர்னாவுக்கு வருகிறது.

ஜோலீன் பிக்கெட் ஊர்க்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டாள். அன்றைக்குச் சங்கு ஊதியது அவன்தான் என்கிறார்கள். அவள் இல்லை என்கிறாள். வெர்னா இன்னும் சில வருடம் சாவிக்கொத்தை வைத்திருந்தாள். ஹார்லனுக்கு அவள் சோறு கொண்டுபோவாள், கொஞ்ச நாளில் அவரையே கட்டிக்கொள்வாள் என்று ஊரில் பாதிப் பேர் எதிர்பார்த்தோம். அவள் ஒரு தட்டுகூடக் கொண்டுபோகவில்லை. மூட்டுவலி வந்ததும் மகளோடு ஃப்ளோரிடாவுக்குப் போய்விட்டாள்.

ஹார்லன் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. அவ்வளவு பெரிய வீட்டில் தனியே இருக்க முடியாமல் அதை விற்றுவிட்டு மருந்துக் கடை மாடியில் ஓர் அறைக்குப் போனார். எதிர்வீட்டை வாங்கியவர்கள் கல்யாணமான புதிதில் இருக்கும் இளஞ்ஜோடி. நல்ல பிள்ளைகள்தான். ஆனால் பட்டப்பகலிலும் திரைச்சீலையை இழுத்து மூடி வைத்திருக்கிறார்கள்.